வெம்மையின் சிறகுகள்

மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அருகருகே அமைந்த ஊர்கள் திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும். நண்பகல் நெருங்கும் வேளையில் இங்கு மலைச்சரிவுகளின் மேலே பருந்துகள் வட்டமிடுவதைக் காணலாம். அவை சிறகை அசைப்பதில்லை. எனினும் மேலே மேலே எழுகின்றன. அவற்றை உயர்த்தும் ஆற்றல் எது? வெப்பமே அவ்வாற்றல்.

வெப்பம் ஏறினால் பொருள்கள் விரிவடையும், தணிந்தால் சுருங்கும். மாட்டுவண்டிச் சக்கரம் செய்த கொல்லர்கள் இதனை நன்கறிந்திருந்தனர். மரச்சக்கரத்தைவிடச் சற்றே சிறியதாக இரும்புப் பட்டையைச் செய்து, அதனைத் தீயிலிட்டு விரியச்செய்து, சக்கரத்தில் பூட்டி நீரூற்றுவர். சுருங்கிய பட்டை மரத்தை இறுகப் பற்றும். இவ்விரண்டு ஊர்களின் வழியாகச் செல்லும் விருதுநகர் – தென்காசி இருப்புப்பாதையிலும் இவ்விதியே செயற்படுகிறது. 13 மீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டவாளம், வெப்பநிலை 30 பாகை செல்சியசு உயர்ந்தால் ஏறத்தாழ 4.7 மி.மீ. நீளும். அதற்கு இடங்கொடாவிடில் தண்டவாளம் வளைந்து தொடர்வண்டிக்கே ஊறு விளையும்.

காற்றோ, இரும்பைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு விரியும் இயல்புடையது. கதிரவனின் வெம்மையால் மரஞ்செறிந்த காட்டைவிட வெற்றுப்பாறையும் தரிசு நிலமும் விரைவில் சூடாகின்றன. அவற்றைத் தொட்டு நிற்கும் காற்று விரிந்து, அடர்த்தி குறைந்து, தூண்போல் மேலெழுகிறது. அத்தூணுக்குள் வட்டமிடும் பருந்து தன் உடலாற்றலைச் செலவிடாமல் உயர்கிறது. காலையில் அது காத்திருப்பது நிலம் சூடேறுவதற்காகவே.

பிரான்சு நாட்டின் மான்கோல்பியே உடன்பிறப்புகள் இவ்வுண்மையை மனிதருக்கும் பயன்படச் செய்தனர். அவர்கள் அமைத்த வெப்பக்காற்றுக் கூண்டில் 1783 நவம்பர் 21ஆம் நாள் இருவர் பாரிசு நகரின்மேல் பறந்தனர்.

பருந்துக்குத் துணையாகும் வெப்பம் வானூர்திக்கு இடையூறாவதும் உண்டு. 15 பாகையில் ஒரு கனமீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.225 கிலோகிராம், 40 பாகையில் அது 1.13 கிலோகிராமாகக் குறைகிறது. அடர்த்தி குறைந்த காற்று இறக்கைகளுக்குப் போதிய தூக்குவிசையைத் தருவதில்லை. ஆகவே, வானூர்தி கூடுதல் விரைவுடன் நெடுந்தொலைவு ஓடவேண்டும். அன்றேல் சுமையைக் குறைக்கவேண்டும். 2017 சூன் திங்களில் அமெரிக்காவின் பீனிக்சு நகரில் கடும்வெயிலால் பல வானூர்திகளின் பயணம் நிறுத்தப்பட்டது. ஒலியினும் விரைந்து சென்ற கான்கார்டு வானூர்தியோ, காற்றின் அழுத்தத்தாலும் உராய்வாலும் சூடேறிப் பறக்கும்போதே 15 செ.மீ.க்கு மேல் நீண்டது. அதற்கேற்பவே அதனை வடிவமைத்திருந்தனர்.

ஒரே வெம்மை ஓரிடத்தில் சிறகாகிறது, பிறிதோரிடத்தில் தடையாகிறது. புவியின் வெப்பம் உயர்ந்துவரும் இக்காலத்தில் தண்டவாளம் அமைப்போரும் வானூர்தி செலுத்துவோரும் அதன் இயல்பை அறிந்து செயற்படுவது உயிர்காக்கும் கடமையாகும்.