முதல் மீன் தொட்டியும் முதல் அறிவுரையும்

நெடுநாள் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்புவோரின் பொழுது இனிதாகக் கழியட்டும் என்று உறவினர் சிலர் மீன் தொட்டி வாங்கித் தருகின்றனர். வண்ணமீன் வளர்ப்பிற்கும் விற்பனைக்கும் பெயர்பெற்ற கொளத்தூர், ஆவடியில் உள்ள நமக்குத் தொலைவன்று. புறநகர் இரயிலில் வில்லிவாக்கத்தில் இறங்கினால் அருகிலேயே உள்ளது. காலையில் சென்றால் மாலைக்குள் தொட்டியும் மீனும் வீட்டுக்கு வந்துவிடும்.

ஆனால், புதிய தொட்டியில் முதல் சில வாரங்களிலேயே மீன்கள் இறப்பது மிகுதி. நலமடைந்து வருபவர் அதனைத் தம் உடல்நிலைக்குரிய தீய அறிகுறியாக எண்ணிக் கலங்கக்கூடும். “கண்ணேறு மீனோடு போயிற்று” என்று ஆறுதல் கூறுவாரும், “நீங்கள்தான் தீனியைக் கொட்டிக் கொன்றீர்கள்” என்று கடிந்துகொள்வாரும் உளர். முன்னது காரணத்தை மறைக்கிறது. பின்னது மனத்தைப் புண்படுத்துகிறது. இரண்டினாலும் அடுத்த மீன் பிழைப்பதில்லை.

மீன் இறப்பது ஏன்?

மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை நுண்ணுயிரிகள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறுவகை நுண்ணுயிரிகள் அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை வடிகட்டியிலும் கற்களிலும் போதிய அளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்குள் மீன்களை மிகுதியாக விட்டால், நீர் தெளிவாகத் தோன்றினும் நஞ்சு நிறைந்திருக்கும். குழாய் நீரிலுள்ள குளோரினும் மீனையும் இந்நுண்ணுயிரிகளையும் ஒருங்கே தாக்கும். ஆகவே, பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணம் நீரே. அபசகுனம் அன்று, அன்புக் குறைவும் அன்று.

அறிவுரையை எவ்வாறு கூறுவது?

முதலில் குறை கூறாது கேள்வி கேட்போம். “மாமா, தொட்டி வெச்சு எத்தனை நாள் ஆச்சு? தண்ணி எப்போ மாத்துனீங்க?” என்று கேட்டால், விடை கூறும்போதே அவருக்குக் காரணம் விளங்கத் தொடங்கும்.

அடுத்து, அன்றே செய்யத்தக்க ஒன்றை மட்டும் கூறுவோம். மீன்கள் நீர்மட்டத்தில் வாய்திறந்து தவித்தால், நீரில் கால் பங்கை மாற்றி, ஒரு நாள் தீனியை நிறுத்தச் சொல்லலாம். வளர்ந்த மீன்கள் அதனைத் தாங்கும். புதிதாக ஊற்றும் நீரில், கடைகளில் ‘ஆன்டி குளோரின்’ என்னும் பெயரில் கிடைக்கும் திரவத்தைக் குறிப்பிட்ட அளவு சேர்த்தல் வேண்டும்.

மற்றவற்றை ஒரு வாரம் கழித்துக் கூறலாம்: இரண்டு நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே தீனி இடுக, வாரந்தோறும் கால் பங்கு நீரை மட்டும் மாற்றுக, வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாது, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக.

கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் இருப்பின், “இதில் வளர்க்கலாமா?” என்று இகழ வேண்டா. “இது நன்கு வளரும் மீன், பல ஆண்டுகள் வாழும், பெரிய தொட்டி கொடுத்தால் மகிழும்” எனலாம். உப்புத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீருள்ள வீடுகளில் புதியவர்களுக்குக் கப்பி, மோலி போன்றவை ஏற்றவை.

நோயாளர் இல்லங்களில் கருத வேண்டியவை

மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் நுண்ணுயிரி தொட்டி நீரில் இருக்கக்கூடும். கைக்காயத்தின் வழியே நுழைந்தால், சில வாரங்களுக்குப் பின் விரலிலோ கையிலோ ஆறாத கட்டிகளை உண்டாக்கும். இது அரிதே, எனினும் புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெறுவோரும், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோரும், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்போரும் தொட்டி நீரில் கையிடலாகாது. மீன் வளர்ப்பதுபற்றி மருத்துவரிடம் முன்னரே கேட்டறிக. நீரிழிவு உள்ளோர் கையில் சிறு கீறல் இருப்பினும் இப்பணியைப் பிறரிடம் விடுதல் நன்று.

மற்றையோரும் நீர்புகாக் கையுறை அணிக. பின்னர்ச் சோப்பிட்டுக் கை கழுவுக. குழாயை வாயால் உறிஞ்சி நீர் இறைத்தல் கூடாது. தொட்டி நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றவும் வேண்டா. ஆறாத கட்டி தோன்றினால், வீட்டில் மீன் தொட்டி உள்ளதை மருத்துவரிடம் தவறாது கூறுக.

இவற்றைக் காரணம் காட்டி, “நீங்கள் தொடக்கூடாது” என்று நோயாளரை விலக்கிவிடின் தொட்டி வாங்கியதன் பயனே போய்விடும். “தண்ணி மாத்துறது என் வேலை, தீனி போடுறதும் மீனைப் பார்த்துக்கிறதும் உங்க பொறுப்பு” என்று பகிர்ந்துகொள்வோம். மீன் தீனியை மறுப்பதையும் நிறம் மங்குவதையும் முதலில் காண்பவர் அருகில் அமர்ந்திருக்கும் அவரே. அவர் கூறுவதைக் கேட்டு நாம் நீரை மாற்றினால், அவரும் நம்மோடு சேர்ந்து மீனைக் காப்பவர் ஆகிறார்.

வளர்க்க இயலாத நிலை வரின் மீன்களைப் பருத்திப்பட்டு ஏரியிலோ வேறு நீர்நிலைகளிலோ விடாது, கடைக்காரரிடமோ வேறு வளர்ப்பவரிடமோ ஒப்படைக்க வேண்டுகிறோம். அயல் மீன்கள் அங்குள்ள உயிர்களுக்குத் தீங்காகக்கூடும்.