கறிக்கோழிப் பண்ணையில் இரத்தக் கழிச்சல்: காவல் கூளத்திலிருந்து தொடங்குகிறது

கறிக்கோழிப் பண்ணைக்குக் கடன் கோருவோரின் திட்ட மதிப்பீட்டில் கொட்டகை, குஞ்சு, தீவனம், மின்சாரம் அனைத்துக்கும் கணக்கு இருக்கும். தரையில் பரப்பும் நெல் உமிக்கு ஒரு வரி இருந்தாலே அதிகம். எனினும், இரத்தக் கழிச்சல் எனப்படும் காக்சிடியோசிஸ் நோய் ஒரு பண்ணையில் எவ்வளவு தூரம் பரவும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அந்த உமியின் ஈரமே.

ஐமீரியா என்னும் ஓரணு ஒட்டுண்ணியால் இந்நோய் உண்டாகிறது. நோயுற்ற கோழியின் எச்சத்தில் வெளிவரும் இதன் முட்டைகள் உடனே தீங்கு செய்வதில்லை. ஈரமும் காற்றும் மிதமான வெப்பமும் வாய்த்தால் ஓரிரு நாள்களில் தொற்றும் நிலையை அடைகின்றன. அவற்றைக் கொத்தி விழுங்கிய குஞ்சின் குடலில் பெருகி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் பல்லாயிரமாகக் கூளத்துக்கே திரும்புகின்றன. ஆதலால் முதற்கிழமையில் எதுவும் புலப்படாது. பெரும்பாலும் மூன்றாம் வாரத்துக்குப் பின்னரே நோய் தலைகாட்டும். ஆறு வாரத்துக்குள் விற்கவேண்டிய கோழிக்கு இழந்த எடையை மீட்க அதன்பின் அவகாசம் இராது.

ஐமீரியா டெனல்லா என்னும் வகை குருட்டுக்குடலைத் தாக்கும், எச்சத்தில் இரத்தம் காணும், கோழிகள் மடியும். இதைக் கண்டு எவரும் மருத்துவரை அழைப்பர். அசெர்வுலினா, மாக்சிமா ஆகிய வகைகளையே நாம் கூடுதலாக அஞ்சுகிறோம். இவற்றில் இரத்தம் வெளிப்படையாகத் தெரியாமலே தீவனம் உடலில் சேராது போகலாம். 5,000 கோழிகளில் ஒவ்வொன்றும் 100 கிராம் எடை குறைந்தால், ஒன்றுகூட இறவாமலே 500 கிலோ இழப்பு. கடன் தவணைக்கென ஒதுக்கிய தொகை பல வேளைகளில் இவ்வாறே கரைகிறது. வாரந்தோறும் சில கோழிகளை எடைபோட்டுக் குறித்து வருவதே இதை முன்கூட்டி அறியும் எளிய வழி.

கூளத்தை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. சற்றே சேர்ந்து, கையை விரித்ததும் உதிர்ந்தால் சரியான பதம். தண்ணீர்க் குழாய்க்கு அடியில் உள்ள கூளத்தையே முதலில் சோதிக்க வேண்டும். கட்டிதட்டிய பகுதியை அள்ளி அகற்றிப் புதிய உமி இட்டு, நாள்தோறும் கிளறிவிட வேண்டும். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி இடம் என்னும் கணக்கை மீறி நெருக்கினால் எவ்வளவு கிளறினாலும் கூளம் உலராது. ஒழுகாத நிப்பிள் குழாய்களுக்கும், சாரலைத் தடுக்கும் அகன்ற கூரை நீட்டத்துக்கும் மதிப்பீட்டிலேயே பணம் ஒதுக்குவது நன்று. ஐப்பசி அடைமழையில் அதன் பயன் தெரியும்.

கறிக்கோழித் தீவனத்தில் மொனென்சின், சாலினோமைசின் போன்ற தடுப்பு மருந்துகள் பெரும்பாலும் முன்னரே கலந்திருக்கும். இதை அறியாது சுவாச நோய்க்கு டியாமுலின் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து நஞ்சாகிக் கோழிகள் மடியக்கூடும். தீவன மூட்டையின் சீட்டை மருத்துவரிடம் காட்டிய பின்னரே எம்மருந்தையும் தொடங்குக. சாலினோமைசின் கலந்த தீவனத்தை வான்கோழிக்கு இடவே கூடாது. நோய் கண்டபின் குடிநீரில் ஆம்ப்ரோலியம் கொடுப்பது வழக்கம். அது ஒட்டுண்ணிக்குத் தையமின் கிடைக்காமற் செய்து வேலை செய்வதால், அதே நாள்களில் பி-காம்ப்ளெக்ஸ் சேர்த்தால் மருந்தின் பயன் குறையும். ஒரே தடுப்பு மருந்தை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் ஒட்டுண்ணி அதற்குப் பழகிவிடும். மருத்துவரின் யோசனைப்படி அவ்வப்போது மாற்றிக்கொள்க. விற்பனைக்கு முன் மருந்தை நிறுத்தவேண்டிய நாள்களையும் அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

வழக்கமான கிருமிநாசினிகள் இம்முட்டைகளின் தடித்த உறையைத் துளைப்பதில்லை. ஆகவே ஓர் அணி விற்றதும் பழைய கூளம் முழுவதையும் கொட்டகைக்குத் தொலைவில் கொண்டுபோய்க் குவித்து மட்கவிடுங்கள். தரையைக் கழுவி நன்கு உலர்த்திய பின்னரே அடுத்த குஞ்சுகளை இறக்குங்கள்.