வாசல் வரை வந்த நெட் லைனை அறை வரை கொண்டு போவோம்



இந்த மாதப் பாடம் ஒயர் பற்றியது. செம்பரம்பாக்கம் பக்கத்துக் குழுக்களில் உள்கடன் கேட்கும் காரணங்களில் இப்போது ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. "வாடகை அறைக்கெல்லாம் நெட் லைன் இழுக்கணும்" என்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்டு போகிற பிள்ளைகள் அறை பார்க்க வரும்போது, தண்ணி வருமா என்று கேட்ட கையோடு நெட் இருக்கா என்றும் கேட்கிறார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. அவர்கள் தங்க நம்ம லைன் வீட்டைத் தவிர வேறு இடமும் வந்துவிட்டது என்பதை மனதில் வையுங்கள்.

ஆனால் எல்லோருக்கும் இந்தக் கடன் வேண்டியதில்லை. ஒரு கூடம், ஒரு அறை உள்ள வீட்டில் மோடத்தை நடுவில் வைத்தாலே வைஃபை போதும். அதற்குக் கடன் வாங்குவது வீண். நாலைந்து அறை வாடகைக்கு விட்டிருப்பவர்கள், மாடியில் பிள்ளை ஆன்லைனில் படிக்கிறவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளை ஃபைபர் கேபிளால் இணைக்கும் வேலை தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் இருக்கிறது. தனியார் கம்பெனிகளும் கம்பத்துக்குக் கம்பம் இழுக்கிறார்கள். ஃபைபர் என்பது தலைமுடி அளவு கண்ணாடி இழை. அதற்குள் மின்சாரம் ஓடுவதில்லை, வெளிச்சம்தான் ஓடுகிறது. கம்பெனி ஆள் அதை நம் வீட்டில் ஒரு பெட்டியில் செருகி, விளக்கு எரிவதைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தப் பெட்டியில் இருந்து அறைகளுக்குக் கொண்டு போவது பெரும்பாலும் வீட்டுக்காரர் வேலை. தகராறெல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. முன் கூடத்தில் வைஃபை பறக்கும், கடைசி அறையில் சுற்றிக்கொண்டே இருக்கும். செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் அலையைக் குறைத்துவிடும். தகர ஷீட், இரும்பு பீரோ இன்னும் மோசம். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலைதான் சுவரைத் தாண்ட அதிகம் திணறும். அதனால் ஒவ்வொரு அறைக்கும் ஒரு லேன் கேபிள் இழுத்துவிட்டால் தொல்லை தீரும்.

முதலில் பெட்டிக்கு இடம் பாருங்கள். கம்பெனி ஆள் ஜன்னல் ஓரமாக, தரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகப் பார்ப்பார், விடாதீர்கள். 2015 டிசம்பரில் ஏரியில் இருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டதும், அடையாற்றுக் கரையோர வீடுகளில் தண்ணீர் நுழைந்ததும் நமக்குத் தெரியும். தாழ்வான வீடு என்றால் நெஞ்சு உயரத்துக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பிளக் பாயிண்ட் வேண்டும். கரண்ட் போனால் பெட்டியும் அணைந்துவிடும். இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. மெக்கானிக் வருவதற்கு முன் நீங்களே ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு, பெட்டியில் இருந்து சுவர் ஏறி, மேலே ஓடி, அறைக்குள் இறங்கும் வழியிலேயே அளந்து பாருங்கள். நேர்கோட்டில் அளந்தால் கணக்கு தப்பும். ஆறு அறைக்கு 12, 15, 18, 21, 24, 27 மீட்டர் என்று வந்தால் மொத்தம் 117. ஒவ்வொரு லைனுக்கும் 2 மீட்டர் கூடுதலாக விட்டால் 129 மீட்டர். லேன் கேபிள் பெட்டி வழக்கமாக 305 மீட்டர் இருக்கும். "முழுப் பெட்டியா வாங்குங்கம்மா" என்றால் மீதி யார் வீட்டுக்குப் போகும் என்று கேளுங்கள். இரண்டு மூன்று உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கிப் பிரித்துக்கொண்டால் நல்லது. ஒரே லைன் 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி லைன். பெட்டிக்குப் பக்கத்தில் எட்டு ஓட்டை உள்ள ஒரு சுவிட்ச் வைத்தால், ஆறு அறைக்கு ஆறு, மோடத்துக்கு ஒன்று போக ஒன்று மீதி இருக்கும். ஓர் அறையில் இருந்து அடுத்த அறைக்கு ஒட்டுப்போட்டு இழுப்பதும், நடுவில் ஒயரை முறுக்கி டேப் சுற்றுவதும் வேண்டாம். கரண்ட் ஒயருக்குச் செய்கிற அந்தப் பழக்கம் இதற்கு ஆகாது.

கேபிள் வாங்கும்போதுதான் அதிகம் ஏமாறுகிறோம். கேட்-6, சுத்தமான காப்பர் என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைவாக வருவது பெரும்பாலும் சி.சி.ஏ., அதாவது உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது சீக்கிரம் ஒடியும், தூரம் போகப் போக சிக்னல் குறையும். உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நாலு ஜோடி இருக்க வேண்டும். நாலே கம்பி உள்ளதும் விற்கிறார்கள். அதில் 100 எம்பிபிஎஸ்-க்கு மேல் வேகம் வராது, நீங்கள் எவ்வளவு பெரிய பிளானுக்குப் பணம் கட்டினாலும் சரி. வெயில் படும் இடத்துக்குக் கறுப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிள் தனியாக உண்டு. வீட்டுக்குள் போடுவதை மொட்டை மாடியில் போட்டால் உறை வெடித்துவிடும்.

இனி ஆபத்தான விஷயம். பழைய வீட்டில் சுவருக்குள் ஏற்கெனவே கரண்ட் பைப் ஓடுகிறது. "இதுக்குள்ளயே தள்ளிடலாம், சுவரை உடைக்க வேண்டாம்" என்று மெக்கானிக் சொல்வார். ஒத்துக்கொள்ளவே கூடாது. உள்ளே உராய்ந்து கரண்ட் ஒயரின் உறை கிழிந்தால், 230 வோல்ட் நேராக லேன் ஒயரில் ஏறும். மறுமுனையில் செருகுவது படிக்கிற பிள்ளையின் கை. தனி கேசிங் பட்டி அடித்து, கரண்ட் லைனில் இருந்து ஒரு அடி தள்ளிக் கொண்டு போகச் சொல்லுங்கள். குறுக்கே தாண்டியே ஆக வேண்டும் என்றால் நேர் குறுக்காகத் தாண்டலாம். பக்கத்துக் கட்டடத்துக்குக் கொண்டு போவதாக இருந்தால் செம்பு ஒயரை வெட்டவெளியில் தொங்கவிடாதீர்கள், இடி மின்னல் அடித்தால் பெட்டியெல்லாம் கருகும். அந்த இடத்துக்கு ஃபைபர்தான் சரி.

சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் கொஞ்சம் சரிவாக இருக்கட்டும். ஒயரும் துளைக்குள் நுழைவதற்கு முன் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறட்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது. ஃபைபர் ஒயரை மட்டும் மூலையில் மடக்கிவிடாதீர்கள், கண்ணாடி ஆயிற்றே.

கூலி மீட்டர் கணக்கா, பாயிண்ட் கணக்கா, பட்டியும் கனெக்டரும் அதில் சேர்த்தியா என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு லைனிலும் டெஸ்டர் வைத்து 1 முதல் 8 வரை விளக்குகள் வரிசையாக எரிவதைப் பார்த்த பிறகே முழுப் பணம் கொடுங்கள். இரண்டு முனையிலும் அறை எண் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கனெக்டர் அடிப்பது நமக்கும் வராத வேலை இல்லை. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்பதுதான் வரிசை. எம்பிராய்டரி நூலில் கலர் மாறாமல் கோக்கிற கைக்கு இது பெரிசா என்ன?

ஒன்று சொல்லாமல் விடக்கூடாது. இணைப்பு உங்கள் பெயரில் இருந்து, அறைவாசி அதில் ஏதாவது தப்புத்தண்டா செய்தால், விசாரணை முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வீட்டு இணைப்பைக் காசுக்கு விற்பதைக் கம்பெனி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அனுமதிப்பதும் இல்லை. பொது வைஃபை நடத்த 2020 டிசம்பரில் மத்திய அரசு பிஎம்-வாணி என்ற முறையைக் கொண்டு வந்தது. விருப்பம் உள்ளவர்கள் அந்த வழியில் போகலாம். இல்லாவிட்டால் ஒயரை மட்டும் நீங்கள் போட்டு வைத்து, இணைப்பை அறைவாசியையே அவர் பெயரில் எடுக்கச் சொல்லலாம். இதுதான் நிம்மதி என்பது எங்கள் அபிப்பிராயம். ஆனால் அப்போது ஒவ்வொருவர் மோடமும் உங்கள் சுவிட்ச் வழியாக இல்லாமல், அவரவர் லைனில் நேராகச் சேர வேண்டும். மெக்கானிக்கிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு டெஸ்டரும், இரண்டு வகைக் கேபிள் துண்டுகளும் கொண்டு வருகிறோம். கடன் மனு கொடுத்திருக்கும் உறுப்பினர்கள் வீட்டை அளந்த கணக்கை எழுதி எடுத்து வாருங்கள். தீர்மானம் போடும் முன் அதைச் சேர்ந்து பார்ப்போம்.