உண்ணியும் இரத்தமும்

வேதபாடம்: யோனா 3, 4 அதிகாரங்கள்



நினிவேயின் ராஜா மனந்திரும்பியபோது, மனுஷரோடு மிருகங்களும் இரட்டுடுத்த வேண்டும் என்று கட்டளையிட்டான். ஓய்வுநாள் பள்ளியில் இந்த இடம் வரும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். மாட்டுக்கு இரட்டுடுத்தினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் நமக்கும் சிரிப்பு வரும். ஆனால் அந்தப் புத்தகம் ஆண்டவர் கேட்கும் ஒரு கேள்வியோடு முடிகிறது. அதில் நகரத்து ஜனங்களை எண்ணியபின் கடைசியாக எண்ணப்படுகிறவை மிருகஜீவன்களே.

மனுஷருக்கு மருந்து வாங்கவே காணிக்கை போதாதபோது மாட்டு வியாதியையும் உண்ணியையும் ஆராயப் பணம் செலவிடலாமா என்று மருத்துவ ஊழியத்தைத் தாங்கும் நேசர்கள் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு ஒரு மெய்யான சரித்திரத்தைக் கொண்டு பதில் தேடுவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்திலிருந்து மந்தை மந்தையாக மாடுகளை வடக்கே ஓட்டிச் சென்றார்கள். அந்த மாடுகள் பார்வைக்கு நல்ல ஆரோக்கியமாகவே இருக்கும். ஆனால் அவை கடந்துபோன மேய்ச்சல் நிலத்தில் சில வாரங்கள் கழித்து மேய்ந்த வடக்கத்தி மாடுகளுக்குக் கடுஞ்சுரம் கண்டது; சிறுநீர் சிவந்தது; அநேக மாடுகள் செத்தன. 1868-ல் இல்லினாய், இந்தியானா மாகாணங்களில் பெருஞ்சேதம். டெக்சாஸ் மாடு வரக்கூடாதென்று சில இடங்களில் குடியானவர்கள் துப்பாக்கியோடு வழிமறித்தார்கள். மாட்டோடு பழகியவர்களில் பலர், "உண்ணிதான் காரணம்" என்றே சொல்லிவந்தனர். படித்தவர்களோ அதை ஏளனம் செய்தார்கள்.

தியோபால்ட் ஸ்மித் என்ற மருத்துவர் ஏளனம் செய்யவில்லை. வாஷிங்டனில் அரசாங்கக் கால்நடைத் துறையில் வேலை செய்த அவரும், கில்போர்ன் என்ற கால்நடை மருத்துவரும் 1889-ல் தென்பகுதி மாடுகளை வரவழைத்து, வேலியிட்ட நிலங்களில் சோதனையைத் தொடங்கினார்கள். ஒரு நிலத்தில் உண்ணியோடு வந்த தென்பகுதி மாடுகளையும் வடக்கத்தி மாடுகளையும் சேர்த்து விட்டார்கள். இன்னொன்றிலும் அப்படியே, ஆனால் தென்பகுதி மாடுகளின் உடம்பிலிருந்த உண்ணிகளை ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்கிய பிறகே விட்டார்கள். வேறொரு நிலத்தில் தென்பகுதி மாடே இல்லை. உண்ணிகளை மட்டும் புல்லில் தூவினார்கள். உண்ணி இருந்த நிலங்களில் வடக்கத்தி மாடுகளுக்குச் சுரம் வந்தது. உண்ணி பிடுங்கிய நிலத்தில் ஒன்றுக்கும் வரவில்லை. மாட்டின் காதுமடலிலும் தொடை இடுக்கிலும் உண்ணி பிடுங்கியவர்களுக்கு இது எத்தனை பொறுமையான வேலை என்று தெரியும். இந்த ஆராய்ச்சியில் நாம் மிகவும் மதிக்கிற பகுதி அதுவே.

சில வாரத் தாமதத்திற்கும் விடை கிடைத்தது. வயிறு நிறைந்த தாய் உண்ணி மாட்டைவிட்டுக் கீழே விழுந்து முட்டையிட்டு மடிகிறது. அம்முட்டைகளிலிருந்து வரும் குஞ்சுகளே அடுத்த மாட்டின்மேல் ஏறுகின்றன. ஸ்மித் கண்ணாடிப் பாத்திரத்தில் பொரித்த குஞ்சுகளை ஒரு மாட்டின்மேல் விட, அதற்கும் சுரம் கண்டது. அதாவது, கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு இறங்குகிறது. பேரிக்காய் வடிவில், சிவப்பணுவுக்குள் ஜோடியாக இருக்கும் அந்த ஒட்டுண்ணியை இன்று பபீசியா என்கிறோம். 1888-ல் ருமேனியாவில் மாட்டின் இரத்தத்தில் இதன் இனத்தைக் கண்ட விக்டர் பாபெஷின் பெயரால் வந்தது. டெக்சாஸ் மாடுகள் கன்றாயிருக்கும்போதே இந்நோய் கண்டு தேறியவை; ஆகையால்தான் நோயைச் சுமந்தும் நலமாயிருந்தன.

1893-ல் இவ்வாராய்ச்சி வெளியானது. இரத்தம் குடிக்கும் ஒரு சிறு பிராணி இரத்த ஒட்டுண்ணியைக் கடத்துகிறது என்று முதன்முதலில் நிரூபித்தது இதுவே. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது நாலு வருஷம் கழித்து, 1897-ல்தான்.

அந்நாளில் இது மாட்டு வியாதி மட்டுமே என்று எண்ணினார்கள். 1957-ல் அன்றைய யூகோஸ்லாவியாவில், ஸாக்ரெப் நகருக்கு அருகே, உண்ணி நிறைந்த நிலத்தில் மாடு மேய்த்த ஒருவர் இதே வகைக் கிருமியால் மரித்தார். அவருக்கு முன்பே மண்ணீரல் அகற்றப்பட்டிருந்தது. ஆகவே மண்ணீரல் உள்ளவர்களுக்குப் பயமில்லை என்றார்கள். 1969-ல் அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில் மண்ணீரல் நன்றாக இருந்த ஒரு பெண்ணுக்கே இந்நோய் கண்டது. அங்கே கிருமி தங்கும் இடம் சுண்டெலி. உண்ணியோ மானின்மேல் பெருகுகிறது.

மைக்ராஸ்கோப்பில் பபீசியா மலேரியாவைப் போலவே தோன்றும். மலேரியாக் கிருமி வளரும்போது சிவப்பணுவில் பழுப்புநிறத் துகள்களை விடும், பபீசியா விடாது. சில வேளை நான்கு ஒட்டுண்ணிகள் சிலுவை வடிவில் ஒட்டி நிற்கும். லேபில் இருப்பவரின் கண் இதைத் தவறவிட்டால் மருந்தும் மாறிவிடும்; ஏனெனில் மலேரியாவுக்குக் கொடுத்துவந்த குளோரோகுயின் இதற்குப் பலிக்காது. 1982-ல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை, இரத்தம் ஏற்றியதால் நோய் தொற்றிய சில வார வயதுள்ள கைக்குழந்தையைப் பற்றியது. மலேரியா என்று எண்ணிக் குளோரோகுயின் கொடுத்தார்கள், பயனில்லை. பிறகு குயினைனும் கிளிண்டாமைசினும் சேர்த்துக் கொடுக்க, பிள்ளை பிழைத்தது. உண்மையில் அது பபீசியா என்று பின்னரே தெரிந்தது. அந்த மருந்து ஜோடியே பல ஆண்டுகள் சிகிச்சையாயிற்று. 2000-ல் 58 நோயாளிகளில் நடந்த ஆய்வில், அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் அதே அளவு குணம் தருவதாகக் கண்டார்கள். பழைய மருந்தில் 72 சதவீதம் பேருக்குப் பக்கவிளைவு. புதியதில் 15 சதவீதம்.

அந்தக் குழந்தைக்கு இரத்தம் கொடுத்தவர் அன்பினால்தானே கொடுத்திருப்பார்? இந்தக் கிருமி, கொடுப்பவருக்கு ஒரு தலைவலியும் தராமல் மாதக்கணக்கில் அவர் இரத்தத்தில் இருக்கும். குளிர்பெட்டியில் வைத்த இரத்தத்திலும் உயிரோடிருக்கும். உமக்கு இந்நோய் வந்ததுண்டா என்று கேட்டால், இல்லை என்றே உண்மையாய்ப் பதில் சொல்வார். ஆகவே 2019-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம், நோய் அதிகமுள்ள 14 மாகாணங்களிலும் வாஷிங்டன் நகரத்திலும் கொடையிரத்தத்தைச் சோதிக்கும்படி ஆலோசனை கூறியது.

நம் கிராமங்களிலும் உண்ணி பரப்பும் இரத்த ஒட்டுண்ணிகள் உண்டு. கலப்பினக் கறவைப் பசுவுக்குத் தைலேரியா கண்டு, பால் வற்றி, கடனோடு நிற்கும் விதவையின் வீட்டை நேசர்களில் பலர் அறிவீர்கள். நாட்டு மாடு இதைத் தாங்குவதுபோல் கலப்பினம் தாங்குவதில்லை. அவள் வீட்டில் பசுவின் சுகமும் பிள்ளைகளின் சாப்பாடும் ஒரே காரியம்.

பபீசியாவுக்கு மனுஷருக்கு இன்னும் தடுப்பூசி இல்லை. மாடுகளுக்கு ஆஸ்திரேலியாவில் 1960-களிலிருந்து உண்டு. மண்ணீரல் அகற்றிய கன்றுகளின் உடலில் கிருமியைத் திரும்பத் திரும்பச் செலுத்தி, அதன் வீரியத்தைக் குறைத்து அதை உண்டாக்கினார்கள்.

இந்த மாதம் ஜெபக்குறிப்பில் இரத்த வங்கிகளிலும் லேபுகளிலும் வேலை செய்கிறவர்களையும், கால்நடை மருத்துவர்களையும் சேர்த்துக்கொள்ளும்படி அன்போடு கேட்டுக்கொள்ளுகிறோம்.