எம்டன்: ஒரு கப்பலின் அமைப்பும் ஒரு சொல்லின் பொருளும்

சொல்லாராய்ச்சி பற்றிய வகுப்பொன்றில், 'எம்டன்' என்னும் வழக்குச் சொல்லின் பிறப்பை எழுதி வருமாறு மாணவர்களைப் பணித்தேன். ஒருவர் அதனை 'எமன்' என்பதிலிருந்து வந்ததாக எழுதியிருந்தார். பொருத்தமாகத் தோன்றினும் அது பிழையே. தமிழ்ச் சொல்லின் இடையில் மகர மெய்யை அடுத்து டகரம் மயங்கி வருவதில்லை. மெய்ம்மயக்க விதியை நினைவிற் கொண்ட எவரும் இது கடல் கடந்து வந்த சொல் என்பதை ஒலியைக் கொண்டே உணர்ந்துவிடலாம். அது வந்த நாளும் நமக்குத் தெரியும்: 1914 செப்டம்பர் 22.

எங்கள் இல்லத்தில் நன்னி இச்சொல்லை ஓயாது வழங்குவார். படி அளப்பதில் யாரும் ஏய்க்க முடியாத அரிசி வியாபாரியை, "அவன் சரியான எம்டன்" என்பார். உருவத்தில் மிகச் சிறிய மனிதர் அவர். பெரியவன் என்றோ கொடியவன் என்றோ நன்னி கருதவில்லை. கண்ணுக்குத் தப்பாதவன், கைக்கு அகப்படாதவன் என்பதே கருத்து. இப்பொருள் எவ்வாறு அமைந்தது என்பதை அறிய, அக்கப்பல் கட்டப்பட்ட முறையை அறிதல் வேண்டும்.

எம்டன் என்பது ஜெர்மனியின் ஓர் ஊர். அப்பெயர் தாங்கிய போர்க்கப்பல் டான்சிக் நகர அரசுக் கப்பல்தளத்தில் 1906இல் தொடங்கப்பெற்று, 1908இல் நீரில் இறக்கப்பெற்று, 1909இல் பணியேற்றது. அது குரூசர் வகையில் சிறியது. ஜெர்மானியர் தம் மொழியிலும் அதனைச் 'சிறு குரூசர்' என்றே குறித்தனர். நீளம் 118 மீட்டர், அகலம் 13.5 மீட்டர், எடை ஏறத்தாழ 3,660 டன். அதே காலத்தில் இங்கிலாந்து கட்டிய 'டிரெட்நாட்' என்னும் பெரும் போர்க்கப்பலின் எடையில் இது கால் பங்கும் இல்லை.

கப்பல் வரைவோன் பணியை நம் காவிரிப் படுகையினர் எளிதில் விளங்கிக் கொள்ளலாம். ஒரு மடையில் வரும் நீர் இவ்வளவுதான். அதனை நான்கு வயல்களுக்குப் பகிர வேண்டும். ஒன்றுக்கு மிகுதியாகத் திறந்தால் மற்றொன்று காயும். கப்பலில் அந்நீர் என்பது எடை. எந்திரம், நிலக்கரி, பீரங்கி, கவசம் ஆகியவையே அந்நான்கு வயல்கள். எம்டனை வரைந்தோர் எந்திரத்துக்கும் கரிக்கும் தாராளமாகத் திறந்து விட்டு, பீரங்கிக்கும் கவசத்துக்கும் சிக்கனமாகவே விட்டனர். பன்னிரண்டு கொதிகலன்கள், மணிக்கு 23 கடல் மைலுக்கு மேற்பட்ட வேகம், ஏறத்தாழ 860 டன் கரி கொள்ளும் அறைகள். பீரங்கிகளோ பத்து, குழாய் விட்டம் 10.5 சென்டிமீட்டரே. தளத்துக்கு எஃகுத் தகடு இட்டனர். பக்கவாட்டில் கவசப் பட்டை இல்லை. உடன்பிறப்புக் கப்பலான 'டிரெஸ்டன்' புதுமுறைச் சுழலி எந்திரம் பெற, எம்டன் பழைய உந்துதண்டு நீராவி எந்திரத்தோடேயே நின்றது.

வலியவனைக் கண்டால் விலகவும் எளியவனை ஓடிப் பிடிக்கவுமே இவ்வமைப்பு உதவும். தலைவன் கார்ல் ஃபான் முல்லர் அதனை நன்கு உணர்ந்தவர். கப்பலுக்கு இயல்பாக மூன்று புகைபோக்கிகள். அவர் துணியும் மரமும் கொண்டு நான்காவது ஒன்றைச் செய்து நிறுத்தி, தொலைவிலிருந்து பார்ப்போர் ஆங்கிலக் கப்பல் என எண்ணுமாறு செய்தார். கரி குறைந்தபோது, பிடிபட்ட கப்பல்களின் கரியைக் கொண்டே தம் அறைகளை நிரப்பினார். பிடித்த வணிகக் கப்பல்கள் இருபதுக்கு மேல்; அவற்றில் இருந்தோரைப் பாதுகாப்பாக வேறு கலமேற்றி அனுப்பிய பின்னரே கப்பல்களை மூழ்கடித்தார். பகைவரும் இதனைப் பாராட்டினர்.

சென்னைத் தாக்குதல் இரவு ஒன்பதரை மணியளவில் நிகழ்ந்தது. அரை மணி நேரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள். பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் எரிந்தன. குறைந்தது ஐவர் மாண்டனர். பொருட்சேதம் நகரளவுக்குப் பெரிதன்று. ஆனால் ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடினர். உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அந்நிகழ்ச்சியின் நினைவுக் கல் உள்ளது. அக்கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்னும் கதையை இன்றும் மேடைகளில் கேட்கிறோம். அதற்குச் சான்றில்லை, அவர் அந்நாளில் ஐரோப்பாவில் இருந்தார். நாட்டுப்பற்றாளரின் பெருமைக்கு இக்கதை தேவையுமில்லை.

நம் பகுதிக்கு இச்செய்தி சென்னையோடு முடியவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நீராவிக் கப்பல்கள் சென்று வந்த காலம் அது. நாகூர், கூத்தாநல்லூர்க் குடும்பங்களில் ஆண்மக்கள் மலாயாவிலும் பர்மாவிலும் இருந்தனர். கடிதமும் பணமும் கப்பலிலேயே வரவேண்டும். ஒற்றைச் சிறு கப்பலுக்கு அஞ்சி வங்கக் கடலின் வணிகக் கலங்கள் துறைகளிலேயே முடங்கின. அக்டோபர் 28 விடியலில், அதே பொய்ப் புகைபோக்கியுடன் எம்டன் பினாங்குத் துறைக்குள் நுழைந்து, ரஷ்யக் குரூசர் 'ஷெம்சுக்'கை நீர்மூழ்கிக் குண்டால் பிளந்தது. வெளியேறுகையில் பிரெஞ்சு நாட்டு 'மூஸ்கே'யையும் மூழ்கடித்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் நாகூர் தர்காவின் நினைவிடமும் நிற்கின்ற ஊர் அது. அங்கே வெடியோசை கேட்டிருந்தோர் பலரின் தாய்மார், இங்கே நாகையின் கரையில் கப்பலை எதிர்நோக்கி இருந்தனர். 'எம்டன்' அவ்வீடுகளில் வெறும் வேடிக்கைச் சொல்லாகத் தொடங்கியிருக்க முடியாது என்பது என் கருத்து.

நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே கணக்கு நேரானது. எதிரே வந்த ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' 5,400 டன், ஆறு அங்குலப் பீரங்கிகள் எட்டு, வேகமும் மிகுதி. முதலிற் குறி தவறாது அடித்தது எம்டனே. சிட்னி விலகி நின்று, எம்டனின் குண்டுகளைப் போல் இரண்டரை மடங்கு எடையுள்ள குண்டுகளைப் பொழிந்தது. ஓடவும் வழியில்லை, தாங்கவும் கவசமில்லை. மடை அடைக்கப்பட்ட இரு வயல்களும் அன்று காய்ந்தன. முல்லர் கப்பலை வட கீலிங் தீவின் பவளப்பாறை மீது ஏற்றினார். 130க்கு மேற்பட்டோர் மாண்டனர். கரையிறங்கியிருந்த ஐம்பதின்மரோ 'ஆயிஷா' என்னும் பாய்மரக் கலத்தில் தப்பி, ஏமன் வழியே அரபு நாட்டைக் கடந்து, ஹிஜாஸ் இருப்புப்பாதையில் ஏறி, 1915 மே திங்களில் கான்ஸ்டாண்டிநோபிளை அடைந்தனர். அது தனிக்கட்டுரைக்கு உரியது.

மலையாளத்தில் 'எமண்டன்' என்றால் மிகப் பெரியது என்று பொருள். கப்பல் விளைத்த அச்சத்தை அம்மொழி பிடித்துக்கொண்டது. தமிழோ கப்பலின் அமைப்பையே பிடித்துக்கொண்டது. கண்டோர் சிலரே, கேட்டோர் பலர். எனினும் சிறுமை, விரைவு, சூழ்ச்சி என வரைவோன் எண்ணியவையெல்லாம் வழுவாது சொல்லில் இறங்கியுள்ளன. 2006இல் 'எம்டன் மகன்' என்ற திரைப்படம், தமிழ்ப் பெயருக்கான வரிவிலக்குப் பெறும்பொருட்டு 'எம் மகன்' என மாறி வெளிவந்தது. மெய்ம்மயக்க விதிப்படி அது சரிதான். நன்னி கேட்டிருந்தால் ஒப்பியிருக்க மாட்டார். எமன் என்றெழுதிய மாணவருக்குப் பாதி மதிப்பெண் அளித்தேன்.