காப்பாளர் மனுவும் வழக்கறிஞர் கட்டணமும்

பக்கவாதத்தாலோ சாலை விபத்தாலோ நினைவிழந்து மாதக்கணக்கில் படுக்கையில் இருப்பவரின் குடும்பத்தார் ஒரு கட்டத்தில் மருத்துவரைக் கடந்து வங்கி மேலாளரிடமும் பத்திரப் பதிவு அலுவலகத்திலும் நிற்க வேண்டியவர்களாகின்றனர். கணக்கில் பணம் இருக்கும், எடுக்க இயலாது. நிலம் இருக்கும், விற்கவோ அடமானம் வைக்கவோ இயலாது. மனைவியாயினும் மகனாயினும், உயிரோடிருக்கும் ஒருவரின் சொத்தைத் தாமாகக் கையாளச் சட்டம் இடந்தருவதில்லை. அவர் நலமாக இருந்தபோது எழுதிக் கொடுத்த பொது அதிகாரப் பத்திரமும் பெரும்பாலும் துணை செய்யாது. எழுதிக் கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்தால் முகவருக்குத் தந்த அதிகாரம் முடிவுறும் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு. நினைவற்றவரின் பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றியெடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது குற்றம், அவ்வாறு செய்த பத்திரமும் நிலைக்காது.

ஆகவே நீதிமன்றம் ஒருவரைக் காப்பாளராக நியமிக்க வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவே காப்பாளரை நியமிக்கலாம். அதற்கு நீதிமன்றமும் வேண்டுவதில்லை, வழக்கறிஞர் செலவும் இல்லை. இவ்வழியை அறியாமல் வீண் செலவு செய்த குடும்பங்கள் பல.

கோமாவில் இருப்பவருக்கோ இத்தகைய தனிச் சட்டம் இல்லை. அரசமைப்பின் 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தை நாடுவதே வழக்கமாகியிருக்கிறது. 2019இல் கேரள உயர் நீதிமன்றம் இதற்கென வழிகாட்டு நெறிகளை வகுத்தது: மருத்துவக் குழுவின் அறிக்கை, வருவாய்த் துறையினரின் நேரடி விசாரணை, வாரிசுகள் அனைவரின் விவரம், நியமனத்திற்குப் பின் காப்பாளர் அளிக்க வேண்டிய கணக்கு ஆகியவை அவற்றுள் அடங்கும். 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, கோமாவிலிருந்த ஒருவருக்கு அவர் மனைவியைக் காப்பாளராக நியமித்து, சொத்தை விற்கவும் அனுமதித்தது. ஆனால் விற்ற தொகையில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரிலேயே வைப்புத்தொகையாக வைக்க ஆணையிட்டது. பணம் யாருடையது என்பதை நீதிமன்றம் மறக்கவில்லை.

இனி, எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி: வழக்கறிஞருக்கு யார் பணம் கொடுப்பது? சிகிச்சைக்கே நகையை அடகு வைத்தவர்கள் இதைக் கேட்கத் தயங்குகின்றனர், தயங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையோரை வரையறுக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லை. கணவருக்காக மனுச் செய்யும் மனைவியும், தந்தைக்காக மனுச் செய்யும் மகளும் தம் வருமானம் எதுவாயினும் கேட்கலாம். பிறருக்கு மாநில அரசு வகுத்த வருமான வரம்பு பொருந்தும்; வருமானம் குறித்துப் பிரமாணப் பத்திரம் அளித்தாலே ஏற்றுக்கொள்ளப்படலாம். நீதிமன்றக் கட்டணம், தட்டச்சு, சான்றிட்ட நகல் போன்ற செலவுகளும் இவ்வுதவியில் அடங்கும்.

அவ்வாறு அமர்த்தப்படும் வழக்கறிஞருக்கு ஊதியம் தருவது சட்டப் பணிகள் ஆணைக்குழுவே. மனுதாரரிடம் அவர் எந்தக் கட்டணமும் கேட்கவோ வாங்கவோ கூடாது என்று 2010ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் விதிக்கின்றன. ‘செலவுக்கு’ என்று யாரேனும் கேட்டால் ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுத்து மூலம் முறையிடுங்கள்.

இவ்வளவும் குடும்பத்தாரின் வழக்கறிஞரைப் பற்றியது. நோயாளிக்கு யார் பேசுவார்? காப்பாளராக விரும்புபவரின் வழக்கறிஞர் அவருக்கே உரியவர். படுக்கையிலிருப்பவரின் நலனும் அவர் நலனும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. உடன்பிறந்தார் இருவர் ஒரே வீட்டின்மேல் கண் வைத்திருக்கையில் இது வெளிப்படும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32ஆவது கட்டளை, தாமே வழக்கு நடத்த இயலாதவருக்காக நீதிமன்றம் ஒருவரை அமர்த்த வழி செய்கிறது. அவர்தம் நலன் நோயாளியின் நலனுக்கு எதிராக இருத்தலாகாது. தகுந்தவர் எவரும் கிடைக்காவிடில் நீதிமன்றம் தன் அலுவலர் ஒருவரையே நியமிக்கலாம். அதற்காகும் செலவை வழக்கின் தரப்பினர் ஏற்பதா, அல்லது யாருக்காக நியமிக்கப்பட்டாரோ அவருடைய சொத்திலிருந்து எடுப்பதா என்பதையும் நீதிமன்றமே தீர்மானிக்கும்.

அவருடைய சொத்திலிருந்து என்னும் அந்தச் சொல்லில் கவனம் தேவை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நீதிமன்றம் அமர்த்தும் வழக்கறிஞருக்கு, வசதி இருப்பின், காப்பில் உள்ளவரின் பணத்திலிருந்தே ஊதியம் தரப்படுகிறது. பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் 2008 முதல் 2021 வரை அத்தகைய காப்பில் இருந்தார். தாம் தேர்ந்தெடுக்காத வழக்கறிஞருக்கும் அவர் பணமே சென்றது. ஆகவே செலவு குறித்த ஆணை வரும்போது, தொகைக்கு வரம்பு வகுக்குமாறும் கணக்கை நீதிமன்றத்தில் அளிக்குமாறும் வேண்டிக்கொள்வது நோயாளிக்கு நீங்கள் செய்யும் உதவி.

மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் நிலை சற்று வேறு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, அச்சட்டம் தரும் உரிமைகளை நிலைநாட்ட அவர்களுக்கு இலவச சட்ட உதவியை உரிமையாக்குகிறது. அதைத் தெரிவிப்பது மனநல நிலையத்தின் பொறுப்பு மருத்துவ அலுவலருக்குரிய கடமையுமாகும். அச்சட்டப்படி நியமிக்கும் பிரதிநிதி சிகிச்சை முடிவுகளில் துணை நிற்பார். சொத்தைக் கையாளும் அதிகாரம் அவருக்கு இல்லை.

விண்ணப்பிக்க, மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். உயர் நீதிமன்ற மனுவாயின் சென்னையிலும் மதுரையிலும் உள்ள உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்டறியலாம். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னாலும் அங்குள்ளோர் எழுதிக்கொள்வர். செல்லும்போது நோயாளியின் தற்போதைய நிலையைக் குறிக்கும் மருத்துவச் சான்று, அடையாளச் சான்றுகள், வங்கிக் கணக்கு மற்றும் சொத்து விவரம், குடும்ப உறுப்பினர் அனைவரின் பெயர் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மருத்துவச் சான்றை வெளியேற்றும் நாள்வரை காத்திராமல், இப்போதே வார்டு மருத்துவரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள்.