மனஅழுத்தமும் வியாபாரியும்: துணையோடு செய்யும் சுயஉதவிப் பயிற்சி

கடை வாடகை, மின்கட்டணம், வங்கித் தவணை, திகதியிட்டுக் கொடுத்த செக் ஆகிய நான்கும் ஒரே வாரத்தில் வந்து நின்றால் எந்த வியாபாரிக்கும் தூக்கம் வராது. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் சிக்கியபோது இந்த நிலையை நம்மில் பலர் அனுபவித்தோம். சீனி, பிரஷர் என்றால் உடனே மருந்து எடுக்கிறோம். மனம் களைத்துப்போனால் மட்டும், "கடன் தீர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடுகிறோம். கடன் தீர இரண்டு வருடம் எடுக்குமென்றால் அந்த இரண்டு வருடமும் எப்படி வாழ்வது? இதற்கு உதவும் ஒரு முறையை இன்று பார்ப்போம்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் ஒரு படப் புத்தகத்தை வெளியிட்டது. மனஅழுத்த வேளையில் முக்கியமானதைச் செய்வது எப்படி என்பதே அதன் பொருள். எழுத்து குறைவு, படங்கள் அதிகம். பயிற்சிகளுக்கு ஒலிப்பதிவும் உண்டு. ஸ்தாபனத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பெறலாம்.

இதே பாடத்தை வாரம் ஒருமுறை, சுமார் 2 மணித்தியாலம் வீதம், 5 வாரங்களுக்கு 30 பேர் வரை கூட்டி நடத்தும் முறையும் இருக்கிறது. பதிவு செய்த குரல் பாடத்தைச் சொல்லும். நடத்துபவர் வைத்தியர் அல்ல, குறுகிய பயிற்சி பெற்ற சாதாரண ஒருவர். உகண்டாவின் ரைனோ முகாமில் தஞ்சமடைந்திருந்த தென்சூடான் பெண்கள் சுமார் 700 பேரை வைத்து இதனைப் பரிசோதித்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களின் மன உளைச்சல் மற்றக் குழுவினரைவிடக் குறைந்திருந்தது. மூன்று மாதத்தின் பின் அந்த வித்தியாசம் சிறுத்துப்போனாலும் மறைந்துவிடவில்லை. வீட்டையும் ஊரையும் இழந்தவர்களுக்கே இவ்வளவு பயன் என்றால் நமது செக் பிரச்சினைக்கும் முயன்று பார்க்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது துணை என்ற விடயம். லெபனானில் கையடக்கத் தொலைபேசி வழியாக இதைப்போன்ற வேறொரு பாடத்தை நடத்தியபோது, வாரம் 15 நிமிடம் ஒருவர் பேசி விசாரிப்பார். அவரும் வைத்தியர் அல்ல. தனியே புத்தகத்தைக் கையில் எடுப்பவர்களில் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். வியாபாரிக்கு இது புதிய விடயமல்ல. கேட்க ஆள் இருக்கும் கடன் முதலில் தீரும், கேட்க ஆளில்லாத கடன் கொப்பியிலேயே கிடக்கும்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். மனதில் ஒரு கஷ்டமான எண்ணம் தூண்டில் முள்போல் நம்மைக் கொளுவி இழுத்துச் செல்கிறது என்கிறது இப்பாடம். 25ஆம் திகதிக்கு ஒரு செக் இருக்கிறது. "இது திரும்பினால் என் பெயர் போய்விடும்" என்ற எண்ணம் 10ஆம் திகதியே வந்து மாட்டிக்கொள்கிறது. வாடிக்கையாளர் பருப்புக் கேட்க நாம் சீனியை நிறுக்கிறோம். இரவுச் சாப்பாட்டில் மகள் பாடசாலைக் கதை சொல்வாள், நம் காதில் ஏறாது. எல்லாவற்றையும் விட மோசமானது, சரக்குத் தந்த முதலாளியின் தொலைபேசி அழைப்பை எடுக்காமல் விடுவது. 10ஆம் திகதியே பேசி இரண்டு வாரத் தவணை கேட்டிருந்தால் அவரும் தந்திருப்பார். பயம் நம்மை ஒளிய வைக்கிறது.

முள்ளைக் கழற்ற மூன்று படிகள். கொளுவுப்பட்டிருக்கிறோம் என்று கவனித்தல். "இதோ, பெயர் கெடும் என்ற பயம் வந்திருக்கிறது" என்று மனதுக்குள் அதற்குப் பெயரிடுதல். பிறகு, முன்னால் நிற்கும் ஆளிடமோ கையிலுள்ள வேலையிடமோ முழுக் கவனத்தையும் திருப்புதல். பயத்தோடு சண்டை பிடிக்கவோ அதை விரட்டவோ தேவையில்லை. அது பக்கத்தில் இருக்க நாம் தராசைப் பார்க்கிறோம். மிகவும் பதற்றமாக இருந்தால் முதலில் இரண்டு பாதங்களையும் நிலத்தில் அழுத்தி, மெதுவாக மூச்சு விட்டு, சுற்றியுள்ளவற்றைப் பார்த்து, கேட்டு, தொட்டுணர வேண்டும்.

அடுத்து, எப்படிப்பட்டவராக இருக்க விரும்புகிறோம் என்று தெரிவு செய்யச் சொல்கிறது. நாணயமானவராக இருப்பதே விருப்பம் என்றால், தொலைபேசியை எடுத்துப் பேசுவதே அன்றைய பயிற்சி. செக்குக்கு அது பணம் சேர்க்காது, உண்மைதான். ஆனால் மாற்றக்கூடியதை மாற்றக் கை எழுகிறது. தன்னோடும் பிறரோடும் அன்பாக நடத்தல், வேதனைக்கு மனதில் இடம் விடுதல் என்று இன்னும் இரண்டு பகுதிகள் உண்டு. அவற்றைப் படங்களோடு பார்ப்பதே நல்லது.

இது எல்லோருக்கும் போதுமான மருந்தல்ல. வாரக்கணக்கில் தூக்கமில்லை, கடை திறக்கவே முடியவில்லை, உயிரை விடும் எண்ணம் வருகிறது என்றால் புத்தகத்தை மூடிவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம்.

துணைக்கு யாரைப் பிடிப்பது? நமக்குக் கடன் தந்தவர் வேண்டாம், நாம் சொன்னதை ஊருக்குச் சொல்பவரும் வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பொறுமையான மச்சான் ஒருவர் போதும். "எந்தப் பக்கம் பார்த்தாய்? எத்தனை நாள் செய்தாய்?" என்று வாரம் ஒருமுறை அவர் கேட்டால் சரி. வீட்டில் மனைவியும் இதே பாரத்தைத்தான் சுமக்கிறார், அவருக்கும் அவருடைய சகோதரியோ தோழியோ துணையாகலாம். பயிற்சிக்கு தினமும் சில நிமிடங்களே போதும். அதைக் கடை திறக்குமுன் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய பிறகு என்று வைத்தால் அந்த நேரத்தைக் கணக்குக் கொப்பி எடுத்துக்கொள்ளும்.